பரிவயர்ச்சியா, இரக்கச் சோர்வா? கையேட்டுக்கு இரண்டு சொற்கள்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு சிறு கையேடு தயாராகிறது என்று எழுதியிருந்தேன். நர்ஸுகளுக்கும் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சேர்த்துத்தான். கம்பேஷன் ஃபட்டீக் (அடுத்தவர் வலியைப் பார்த்துப் பார்த்தே ஓய்ந்துபோவது), பர்ன்அவுட் (வேலை நெருக்கடியால் ஓய்ந்துபோவது) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கிடைக்காமல் வேலை நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்துவிட்டு என் தரப்பை வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் 'மனச்சோர்வு' என்றே போட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது டிப்ரெஷனுக்கு ஏற்கனவே புழங்குகிற சொல். தவிர, இவை இரண்டும் ஒன்றில்லை. பர்ன்அவுட் பற்றி 1974-இல் முதலில் விரிவாக எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்த உளவியலாளர் அவர். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தார்கள். அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: உணர்வு வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஓர் ஆளாகவே பார்க்காமல் போவது, 'நாம் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலை சார்ந்த நிகழ்வு என்றுதான் வைத்திருக்கிறது. வேலையிடத்து நெருக்கடி நாள்பட்டுச் சரிசெய்யப்படாமல் கிடந்தால் வருவது என்று விளக்கம். வேலைக்கு வெளியே இந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்கிறது.

கம்பேஷன் ஃபட்டீக் வேறு. 1992-இல் கார்லா ஜாயின்சன் ஒரு செவிலியர் இதழில் அதைப் பற்றி எழுதினார். அப்புறம் 1995-இல் சார்லஸ் ஃபிக்லியின் நூல் வந்த பிறகு பரவலாயிற்று. அடுத்தவர் வலியைப் பக்கத்தில் இருந்து வாங்கி வாங்கி, வாங்க இடமில்லாமல் போவது. டூட்டி ஒழுங்காக இருந்தாலும், சம்பளம் சரியாக வந்தாலும், இது வரலாம்.

காசிமேட்டில் இருக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா சொன்னதைக் கேளுங்கள். விடியற்காலையில் ஒரு நோயாளி இறந்துவிட்டார். ஸ்கிரீனை இழுத்து மறைத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்துப் பெட்டிலிருந்து "சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு" என்று குரல். போய் பாட்டிலை மாற்றினார். காலை ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் மகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். அக்கா காயத்தைக் கழுவி, மருந்து போட்டு, பஞ்சு வைத்து, டேப் ஒட்டி, ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ என்னைப் பேஷன்ட் மாதிரி பார்க்கிறம்மா" என்று அழுதிருக்கிறாள் குழந்தை. வேலையில் ஒரு குறையும் இல்லை, கட்டு நன்றாகத்தான் இருந்தது என்று அக்கா சொல்கிறார்.

கம்பேஷன் ஃபட்டீக்குக்கு 'இரக்கச் சோர்வு' என்ற சொல் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. இரக்கம் மேலிருந்து கீழே பார்ப்பது. பிச்சை போடுகிறவருக்கும் இரக்கம் உண்டு, போட்டுவிட்டு அவர் நடையைக் கட்டலாம். எட்டு மணி நேரம் பக்கத்திலேயே நிற்கிறவருக்கு உள்ளது பரிவு. 'பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்' என்ற குறளில் பரிந்து என்பதற்கு வருந்தி என்று உரை சொல்கிறார்கள். அன்பும் வருத்தமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன, நமக்கு வேண்டியதும் அதுதானே. கண்ணோட்டம் என்பது இன்னும் அழகான சொல். குறளில் 58-ஆம் அதிகாரமே அதுதான். ஆனால் இன்றைக்கு அதற்குப் பார்வைக் கோணம் என்று அர்த்தம் மாறிவிட்டது, திரும்ப வாங்க முடியாது.

ஆகவே 'பரிவயர்ச்சி'. அயர்ச்சி புத்தகத்தனமாக இருக்கிறது, அசதி போடலாமே என்று கேட்டவருக்கு: சேர்த்து எழுதிப் பாருங்கள், 'பரிவசதி'. ஏதோ தங்கும் வசதி மாதிரி இருக்கிறது! இதற்கு எதிர்ப்பக்கமாக, பார்த்துக்கொள்வதில் கிடைக்கிற மனநிறைவை பெத் ஸ்டாம் தன் கேள்வித்தாளில் அளக்கிறார். அதைப் 'பரிவுநிறைவு' என்றால் ஜோடி சேர்ந்துவிடும்.

பர்ன்அவுட்டுக்கு 'எரிதல்' வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல் தீக்காயத்துக்குப் போய்விடும். "அந்த சிஸ்டர் சும்மா எரிஞ்சு விழுறாங்க" என்று அட்டெண்டர்கள் புலம்புவார்கள். அந்த எரிந்து விழுதல் வெளியே தெரிகிற அறிகுறி, உள்ளே நடந்திருப்பது வேறு. மனம், உளம் என்று தொடங்கும் சொற்களையும் தவிர்க்கலாம் என்பேன். 2015-இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி மாதம் ₹7,700 தொகுப்பூதியத்தில் அரசு வேலைக்குச் சேர்ந்த நர்ஸுகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், உங்கள் மனதில்தான் கோளாறு, யோகா செய்யுங்கள் என்று ஒரு கலைச்சொல் சொல்லக் கூடாது. அதனால் என் பரிந்துரை 'பணித்தேய்மானம்'. மூட்டுத் தேய்மானம் தெரியாத வீடு இங்கே கிடையாது. பாரம் ஏறினால் தேயும் என்பதும் எல்லோருக்கும் புரியும்.

ஒரு சிக்கல் மிச்சம். பக்கவாதம் வந்த மாமியாரைப் படுக்கையில் திருப்பிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிடுகிற வியாசர்பாடி மருமகளுக்குப் 'பணி' என்று ஒன்று எங்கே இருக்கிறது? சம்பளமும் கிடையாது, வார லீவும் கிடையாது. பரிவயர்ச்சி அவருக்கும் பொருந்தும், மற்றது பொருந்தாது. அவருக்குப் 'பராமரிப்புச் சுமை' என்று தனியாகப் போடலாம். 1980-இலிருந்தே ஸ்டீவன் ஸாரிட்டின் கேள்வித்தாள் அந்தச் சுமையைத்தான் கேட்கிறது.

கருத்துகளை எழுதுங்கள்.

* * *

ஐயா, வணக்கம். நான் திருவொற்றியூர். வார்டில் பல வருடமாக இருக்கிறேன்.

பரிவயர்ச்சி நன்றாக இருக்கிறது, சொல்லிப் பழகினால் வந்துவிடும். செவிலியர் என்பதே அப்படித்தானே. போர்டில் செவிலியர், வாயில் சிஸ்டர். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற எங்கள் பாட்டி காலத்திலிருந்தே அப்படித்தான். ஆண் நர்ஸ் என்றால் பிரதர்.

தேய்மானம் மட்டும் வேண்டாம் ஐயா. மூட்டுத் தேய்மானம் என்று வருகிறவர்களிடம் என்ன சொல்கிறோம்? "வயசாயிடுச்சும்மா, இனிமே இப்படித்தான், படி ஏறாதீங்க." எங்களுக்கும் அதே பதில்தான் வரும். ஆள் போட்டு, தொடர் நைட்டைக் குறைத்தால் நாங்கள் பழையபடி ஆகிவிடுவோம். தேய்ந்தது திரும்ப வளராது, எங்கள் விஷயம் அப்படி இல்லை.

இன்னொன்று. எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் போவது என்று எழுதினீர்களே, அதற்கு நாங்கள் "மரத்துப் போச்சு" என்போம். அதையே எடுத்துக்கொள்ளலாமா?

* * *

அம்மா, தேய்மானத்தைப் பற்றிச் சொன்னது சரியான வாதம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் 'பணிநலிவு' தோன்றியது. நலிவடைந்த ஆலை என்று பேப்பரில் போடுவார்கள். ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த பெரம்பூர்க்காரர்கள் யாரும் அதைப் படித்துவிட்டுத் தறியில் நின்றவரைக் குறை சொல்ல மாட்டார்கள். நிர்வாகம் என்ன செய்தது என்றுதான் கேட்பார்கள். நலிந்ததை எடுத்து நிறுத்தவும் முடியும். பர்ன்அவுட்டுக்கு இதையே வைத்துக்கொள்கிறேன்.

மரத்துப் போவது பற்றி இன்னும் யோசனை இருக்கிறது. 'உணர்வுமரப்பு' என்று போட்டால், ஊசி போட்ட இடம் மரத்துப் போவதோடு குழம்புமா? மனநல மருத்துவத்தில் தன்னையே அந்நியமாக உணர்கிற அறிகுறிக்கும் ஆங்கிலத்தில் டிபர்சனலைசேஷன் என்ற இதே பெயர்தான், அதிலிருந்தும் பிரித்துக் காட்ட வேண்டும். வார்டில் இருக்கும் மற்றவர்களிடமும் கேட்டுச் சொல்லுங்கள் அம்மா. கையேட்டில் அந்த வரியை மட்டும் இப்போதைக்குச் சொல் இல்லாமல், விளக்கமாகவே விட்டு வைக்கிறேன்.