கடலில் ஆடு போகிறது: ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் வழி சொல்லுங்களேன்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் என்னிடம், மொத்தம் 23 பிள்ளைகள். வகுப்பறையில் நெட் எடுக்காது. வேப்பமரத்தடிக்குப் போனால் இரண்டு புள்ளி காட்டும். அதனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி, என் பழைய லேப்டாப்பில்தான் காட்டுகிறேன்.

பாடநூல் க்யூஆர் கோடு, தீக்‌ஷா செயலி எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தில் கதைகளை நிலைவாரியாகப் பிரித்திருப்பது வசதி. ஆனால் என் பிள்ளைகளுக்கு ‘ஷிப்’பும் ‘ஷீப்’பும் ஒன்றுதான். போன வாரம் ஒருத்தி கடலில் ஆடு போவதாகப் படமே வரைந்துவிட்டாள்! (தப்பு என் உச்சரிப்பில்தான், வேறென்ன.) நிதானமாக, நம் காதுக்குப் பழகிய உச்சரிப்பில் வாசிக்கும் ஒலிப்பதிவுகள் எங்கே கிடைக்கும்?

அப்புறம் அறிவியல். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ (PhET) தளத்தில், திரையிலேயே செய்து பார்க்கும் மின்சுற்றுச் சோதனையை இறக்கிக் கொடுத்தேன். ஒயரை மாட்டி பல்பு எரிந்ததும் ஒரே கூச்சல். இணையம் இல்லாமலும் ஓடுகிறது. தாவரம், உணவு, செரிமானம் பாடங்களுக்கும் இப்படிப் பிள்ளைகளே கைவைத்துப் பார்க்கும்படி ஏதாவது உண்டா? அரைமணி நேரக் காணொளி வேண்டாம், பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். வகுப்பில் நீங்களே போட்டுப் பார்த்ததைச் சொன்னால் நல்லது.