ஆகஸ்ட் வெயிலில் கியோட்டோ: குடும்பத்தோடு போய்வந்தவர்கள் எழுதுங்கள்

சென்னையிலிருந்து:

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கியோட்டோ போகிறோம். "சென்னை வெயிலைப் பார்த்தவனுக்கு அதெல்லாம் ஒரு வெயிலா?" என்று சிரிக்கிறார் அப்பா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அங்கே ஒரு நாள் எப்படிப் போனது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒசாகாவிலிருந்து:

அப்பாவை இப்போதே நன்றாகச் சிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கியோட்டோவுக்கு மூன்று பக்கமும் மலை. சென்னையில் பிற்பகலிலாவது கடற்காற்று வந்து காப்பாற்றும். இங்கே அதற்கு வழியில்லை. ஆகஸ்டில் 37, 38 டிகிரி அரிதல்ல. அதோடு காற்றில் அத்தனை ஈரம், சட்டை காயவே காயாது.

போன ஆண்டு கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா, மனைவி, ஆறு வயது மகள் ஆகியோரோடு போனேன். காலை ஆறரைக்கெல்லாம் புஷிமி இனாரியில் இருந்தோம். அந்தக் கோயிலுக்குக் கதவடைப்பே கிடையாது, கட்டணமும் இல்லை. மலை முழுக்க வரிசையாக நிற்கும் சிவப்பு வளைவுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஏறும்போது தெரியாது; திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தூணிலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் பொறித்திருக்கும். பெரும்பாலும் வணிக நிறுவனங்கள்தான். விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "நம் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுவதுபோல" என்றார். இதைவிடச் சரியான விளக்கத்தை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இனாரி அரிசியின் தெய்வம் என்று கேள்விப்பட்டதும், தஞ்சாவூர்க்காரர் அல்லவா, இன்னொரு முறை கும்பிட்டார். சில்வண்டுகளின் இரைச்சல் காதைப் பிளந்தது. ஒசாகா, கியோட்டோ பக்கத்துப் பெரிய கறுப்பு வண்டு காலையில்தான் கத்தும், வெயில் ஏறினால் அதுவே அடங்கிவிடும்.

அங்கிருந்து கெய்ஹான் ரயிலில் ஷிச்சிஜோ. இறங்கி நடந்தால் சஞ்சூசங்கென்-தோ என்ற புத்தர் கோயில் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்தக் குறுகிய நடையிலேயே அம்மா தளர்ந்துவிட்டார். சிக்னலில் நின்றபோது, பின்னால் வந்த ஒரு மூதாட்டி தன் குடையை நகர்த்தி அம்மாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். "அட்சுய் தெசு நே" என்றார். அம்மா, "ஆமாம் அம்மா, கொளுத்துகிறது" என்றார். பச்சை விளக்கு எரிந்தும் இருவரும் பேசிக்கொண்டே கடந்தார்கள், அவரவர் மொழியில். மொழிபெயர்க்கலாம் என்று நான் வாயெடுத்தபோது மனைவி முறைத்தாள்.

சஞ்சூசங்கென்-தோவைப் பலர் பயணத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. எனக்குக் கோபமே வரும். 1266இல் மீண்டும் கட்டிய மண்டபம், சுமார் 120 மீட்டர் நீளம். உள்ளே கருணையின் தெய்வமான கன்னோனுக்கு 1,001 சிலைகள். காலணியைக் கழற்றிவிட்டு மரத்தரையில் கால் வைத்ததுமே பாதி வெயில் இறங்கிவிடும். படம் எடுக்க அனுமதியில்லை. அதனால் யாரும் கையை உயர்த்திக்கொண்டு குறுக்கே வருவதில்லை. முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். அவர்களில் பலர் புத்த மதத்தோடு இந்தியாவிலிருந்து சீனா வழியாக வந்தவர்கள். இந்திரன் இருக்கிறார், பிரம்மன் இருக்கிறார். எலும்பும் தோலுமாக ஒரு முனிவர் நிற்கிறார். அலகும் இறக்கையுமாகப் புல்லாங்குழல் ஊதும் ஒருவரை நான் சொல்வதற்கு முன்பே அம்மா கண்டுபிடித்துவிட்டார்: "கருடன்! குழலைக் கண்ணனிடம் வாங்கியிருப்பார்." சிக்னலில் துவண்டவர், மகளின் கையைப் பிடித்து ஒவ்வொரு சிலையாகக் கதை சொல்லிக்கொண்டு போனார். கதைகளில் பாதி அவருடைய சொந்தக் கற்பனை.

நண்பகலில் அறைக்குத் திரும்பிக் கட்டிவைத்திருந்த புளியோதரையைச் சாப்பிட்டுத் தூங்கினோம். சைவம் என்றால் இது அவசியம். காய்கறி நூடுல்ஸ் என்று கொடுத்தாலும் சாறு பெரும்பாலும் மீனில் காய்ச்சியது. மாலையில் அதே கெய்ஹானில் கடைசி நிலையமான தெமாச்சியானாகி. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஆமை வடிவக் கற்கள் போட்டிருக்கிறார்கள். மகள் அவற்றில் தாவித் தாவி அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தாள். எல்லோரும் போகும் கின்காகுஜி என்ற பொற்கோயிலைப் பார்க்கவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

நாகோயாவிலிருந்து:

இரண்டு சேர்க்கைகள். 28 டிகிரிக்குக் கீழே தானாக உறையும் கழுத்து வளையம் இங்கே கடைகளில் கிடைக்கிறது, வாங்குங்கள். கைவிசிறி மெஷின் 35க்கு மேல் அனல் காற்றைத்தான் ஊதும். கைக்குழந்தை இருந்தால் தள்ளுவண்டியை நம்பாதீர்கள். தரைக்கு அருகே சூடு அதிகம், நமக்குத் தெரியாது. குளிர்பானம் வாங்கும் இயந்திரம் தெருவுக்குத் தெரு உண்டு, குப்பைத்தொட்டிதான் கிடைக்காது. பையில் ஓர் உறை வைத்துக்கொள்ளுங்கள்.

யோகோஹாமாவிலிருந்து:

நாங்கள் மதியத்திலேயே நகரத்தை விட்டு ஓடிவிட்டோம். அதே தெமாச்சியானாகியிலிருந்து எய்சான் ரயிலில் அரை மணி நேரம் போனால் கிபுனேகுச்சி நிலையம், அங்கிருந்து சற்றுத் தள்ளி மலைக்குள் கிபுனே. ஓடைக்கு மேலேயே பலகை போட்டு விருந்து பரிமாறுகிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு ஐஸ் துருவலோடு நிறுத்திக்கொண்டோம். கோயிலில் விற்கும் குறிச்சீட்டு வெறும் வெள்ளைக் காகிதம்போல இருக்கும், தண்ணீரில் மிதக்கவிட்டால் எழுத்து தெரியும். என் மாமனாருக்குச் சுமாரான பலன்தான் வந்தது. இன்னொன்று வாங்கச் சொல்லி அடம்பிடித்தார்.

சென்னையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. இனாரியில் அம்மா எவ்வளவு தூரம் ஏறலாம்?

ஒசாகாவிலிருந்து:

நெருக்கமாக இரட்டை வரிசையில் வளைவுகள் தொடங்கும் இடம்வரை சுலபம். அதற்கு மேல் படிக்கட்டுதான். என் அம்மா அங்கேயே உட்கார்ந்துகொண்டார், நாங்கள் மட்டும் மேலே போனோம். ஆறரைக்கே போங்கள். எட்டரை ஆனால் கூட்டமும் வெயிலும் சேர்ந்து வரும்.