சோதனை இடைவெளிக் கணக்கு: "சோதிக்கவே வேண்டாம்" என்று விடை வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஒரு கன்வேயரின் பழுதுப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சோதித்தால் மொத்த நிறுத்த நேரம் குறையும் என்று கணக்கிட முயல்கிறேன். பதிவேட்டின் பெரும்பகுதி முறையான சோதனை தொடங்குவதற்கு முந்தையது. பிரேக்டவுன்களுக்கு இடைப்பட்ட நேரங்கள் எக்ஸ்பொனென்ஷியல் பரவலுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. அப்படியானால் எவ்வளவு நேரம் ஓடியிருந்தாலும் அடுத்த மணியில் பழுதாகும் வாய்ப்பு மாறாது. எனவே சோதனைக்கு நிறுத்துவது வீண் என்றாகிறது. ஆனால் பேரிங் இறுகி நிற்பதற்கு முன் பல மணி நேரம் சூடேறி இரைவதை ஃபிட்டர்கள் கண்ணாரக் காண்கிறார்கள். பிழை எங்கே?

பதில் 1:
தரவில் பிழையில்லை, பழுதை ஒரே நிகழ்வாகக் கொண்டதுதான் சிக்கல். 1976-இல் ஆய்வாளர் கிறிஸ்டர் முன்வைத்த தாமதக் காலக் கருத்து அதை இரண்டாகப் பிரிக்கிறது: முதலில் கண்டுபிடிக்கக்கூடிய குறை தோன்றுகிறது, பிறகு ஒரு தாமதக் காலம் கழித்து இயந்திரம் நிற்கிறது. குறைகள் பாய்சான் முறையில் (ஒன்றையொன்று சாராமல், மாறாத சராசரி வீதத்தில்) தோன்றி, தாமதங்கள் ஒன்றையொன்று சாராதிருந்தால், சோதனையே இல்லாத இயந்திரத்தின் பழுதுகளும் பாய்சான் முறையிலேயே வரும். நீங்கள் கண்ட பொருத்தம் அதுதான். சோதனை பயனற்றது என்பதற்கு அது சான்றாகாது.

ஒரு இடைவெளிக்குள் தோன்றும் குறைகளில் எத்தனை பங்கு அடுத்த சோதனைக்கு முன்பே பழுதாக முற்றுகிறது என்பதைத் தாமதக் காலப் பரவல் தரும். அந்தப் பங்கைக் குறைகளின் எண்ணிக்கையாலும் ஒரு பழுதின் நிறுத்த நேரத்தாலும் பெருக்கி, சோதனை நேரத்தைக் கூட்டி, இடைவெளியும் சோதனை நேரமும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் நிறுத்த விகிதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 50 மணிக்கு ஒரு குறை, சராசரித் தாமதம் 100 மணி (அதுவும் எக்ஸ்பொனென்ஷியல்), பழுதுக்கு 4 மணி, சோதனைக்கு 1 மணி என்று கொள்வோம். சோதனையே இல்லாவிட்டால் நிறுத்தம் 8 விழுக்காடு; 24 மணிக்கு ஒருமுறை சோதித்தால் ஏறத்தாழ 4.9; 60 மணிக்கு 3.6, 168 மணிக்கு 4.7. 50 முதல் 70 மணி வரை வளைகோடு ஏறக்குறைய தட்டையாக இருப்பதால், அந்த எல்லைக்குள் ஷிப்டுக்கு வசதியான நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

பதில் 2:
மேலே சொன்னதில் உடன்படுகிறேன். ஆனால் அந்த 100 மணி எங்கிருந்து வரும் என்பதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு குறையையும் சரிசெய்யும்போதே ஃபிட்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எவ்வளவு நேரத்துக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கக்கூடும், இப்படியே விட்டிருந்தால் இன்னும் எவ்வளவு நேரம் ஓடியிருக்கும். இரண்டின் கூட்டுத்தொகையே தாமதக் கால மதிப்பீடு. வார இறுதியில் மொத்தமாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஒரு நாள் இருக்கும்" என்றே பதில் வரும். பழுதானவற்றை மட்டும் கேட்பதும் தவறு: சோதனைக்கு முன்பே முற்றியவை பெரும்பாலும் குறுகிய தாமதம் கொண்டவை என்பதால், சராசரி உண்மையைவிடக் குறைந்துவிடும்.

சோதனை தொடங்கிய பிறகு வந்த பழுதுகளைத் தேதிப்படி அடுக்காமல், கடைசிச் சோதனையிலிருந்து எத்தனை மணி கழித்து வந்தன என்று அடுக்கிப் பாருங்கள். இந்தக் கணித மாதிரி சரியென்றால் சோதனையை அடுத்த மணிகளில் பழுதுகள் அரிதாகவும், போகப்போக அடர்ந்தும் இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியே அடுக்கிப் பார்த்தேன்; எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் நீங்கள் சொன்ன வடிவம் தெரிகிறது. சோதனை முடிந்த மூன்றாம் மணியிலேயே வந்த ஒரு பழுது மட்டும் உறுத்தியது. அன்றைய சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தால், அதே பேரிங்குக்கு நேரே "சரி" என்று குறியிடப்பட்டிருக்கிறது.

பதில் 2:
தாமதம் மிகக் குறுகியதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் குறி இடப்பட்டபோது கன்வேயர் ஓடிக்கொண்டிருந்ததா என்று முதலில் கேளுங்கள். நின்று ஆறிய பேரிங்கில் சூடும் இரைச்சலும் தெரியாது. சோதனை எல்லாக் குறைகளையும் பிடித்துவிடும் என்பது மேலே உள்ள கணக்கின் அனுமானம்; கண்டுபிடிக்கும் வாய்ப்பை ஒன்றுக்குக் குறைவாக வைத்து மறுபடி கணக்கிட்ட பிறகே இடைவெளியை முடிவு செய்யுங்கள்.