300 எம்பிபிஎஸ் இணைப்பு, மாடிக் கணினியில் மட்டும் 94. நடுநடுவே நெட் நின்றுவிடுகிறது

மாடிஅறை:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஃபைபர் பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது. அதிலிருந்து கேட்5ஈ வகை நெட்வொர்க் கேபிள் சுவருக்குள் பைப் வழியாக ஏறி, மாடி அறையில் ஒரு நெட்வொர்க் பாயிண்டாக முடிகிறது. அங்கே ஒரு பழைய வைஃபை ரூட்டர், அட்டைப்பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்றுதான் போட்டிருக்கிறது. சுவர்க் கேபிளை அதன் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளை மாட்டும் துளை) செருகி, இன்னொரு லேன் போர்ட்டிலிருந்து டெஸ்க்டாப்புக்கு எடுத்திருக்கிறேன். விண்டோஸ் 11.

ஹாலில் ஃபோனில் சோதித்தால் 280 வரை வருகிறது. மாடி டெஸ்க்டாப்பில் எத்தனை முறை பார்த்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. அது போதாதென்று தினமும் இரண்டு மூன்று தடவை "இணையம் இல்லை" என்று வருகிறது; கேபிளைக் கழற்றி மாட்டினால் சில சமயம் சரியாகிறது. பிரவுசரில் 192.168.1.1 தட்டினால் ஒரு நேரம் ஃபைபர் பெட்டியின் பக்கம் திறக்கிறது, ஒரு நேரம் பழைய ரூட்டரின் பக்கம். பெட்டியை மாற்றித் தரச்சொல்லிப் புகார் கொடுக்கலாமா?

செம்புக்கம்பி:

புகார் வேண்டாம். ஹாலில் 280 வருகிறதென்றால் பெட்டி வரைக்கும் குறையில்லை. உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

நெட் நிற்பதற்குக் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெட்டி, ரூட்டர் இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. இரண்டிலும் டிஎச்சிபி, அதாவது மற்ற கருவிகளுக்கு முகவரி பகிர்ந்து தரும் வசதி, ஓடுகிறது. கணினி 192.168.1.1 யார் என்று கேட்கும்போது பழைய ரூட்டரின் பதிலை எடுத்துக்கொண்டால், வெளியே போகவேண்டிய தகவல் எல்லாம் அங்கே போய் நின்றுவிடும்; வெளி இணையம் நுழையவேண்டிய அதன் வான் (WAN) போர்ட்டில்தான் எதுவும் இல்லையே. அடுத்த முறை நெட் நிற்கும்போது கமாண்ட் பிராம்ப்ட்டில் "arp -a" என்ற கட்டளையை ஓட்டுங்கள்; எந்த முகவரிக்கு எந்தக் கருவி பதில் தந்தது என்று பட்டியல் வரும். 192.168.1.1-க்கு எதிரே உள்ள மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் அடையாள எண்) இரண்டு கருவிகளின் ஸ்டிக்கரோடும் ஒப்பிடுங்கள். கடைசி இலக்கம் ஒன்று முன்பின் இருக்கலாம், முதல் ஆறு எழுத்துகளே காட்டிக்கொடுத்துவிடும்.

சரிசெய்ய: சுவர்க் கேபிளை ரூட்டரிலிருந்து முதலில் உருவிவிடுங்கள். இல்லையென்றால் எந்தக் கருவியின் பக்கத்தில் மாற்றுகிறீர்கள் என்றே தெரியாது. ரூட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்கிச் சேமித்து, அந்தப் புதிய முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். ஃபைபர் பெட்டி பகிரும் முகவரிகள் 192.168.1.10-இல் தொடங்கும்படி வையுங்கள்; அப்போது .2 வேறு எதற்கும் போகாது. பிறகு கேபிளைப் பழையபடி லேன் போர்ட்டிலேயே செருகுங்கள்.

94 என்பது 100 எம்பிபிஎஸ் இணைப்பின் உச்சவரம்பு. கம்பியில் 1,538 பைட் போனால் அதில் நமக்கு உதவும் தகவல் 1,460 பைட்தான். கணக்குப் போட்டால் 94.9. பழைய ரூட்டரின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 300 வைஃபைக்கு உரியது. அந்த வகையில் பெரும்பாலானவற்றின் போர்ட்டுகள் 100-தான். அதை ஒதுக்கிவிட்டு ஒரு லேப்டாப்பை முதலில் ஹாலில் பெட்டியோடும், அடுத்து மாடிச் சுவர்ப் பாயிண்டோடும் நேரடியாக இணைத்து, செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் "லிங்க் ஸ்பீட்" என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். சில ஃபைபர் பெட்டிகளில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100. அதனால் இரண்டு சோதனைக்கும் ஒரே போர்ட்டையே பயன்படுத்துங்கள்.

மாடிஅறை:

.2 ஆக்கி டிஎச்சிபியை அணைத்தேன். நேற்றிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. லேப்டாப் ஹாலில் 1000 காட்டுகிறது. அதே போர்ட், அதே சிறு கேபிள், மாடிச் சுவரில் 100. பாயிண்டின் மூடியைத் திறந்தால் ஜாக்கில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் இருக்கின்றன. நீலமும் பழுப்பும் பக்கத்து இன்டர்காம் சாக்கெட்டுக்குப் போகின்றன.

நேர்கோடு:

அதுதான் காரணம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்களில் உள்ள இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரு முனைகளும் வேகத்தைப் பேசி முடிவுசெய்வது முதல் இரண்டு ஜோடிகளில்தான். 1000 என்று ஒப்புக்கொண்டு தொடங்கி, மற்ற ஜோடிகள் இல்லாததால் தோற்று, சில முயற்சிக்குப் பின் 100-க்கு இறங்கிவிடுகின்றன. இறங்கத் தெரியாத கருவியாக இருந்தால் இணைப்பே வராது.

இன்டர்காம் தேவையில்லையென்றால், இரண்டு முனையிலும் அதை அவிழ்த்துவிட்டு எட்டுக் கம்பியையும் ஜாக்கில் சேருங்கள். டெலிபோன் வகை இன்டர்காமில் மணியடிக்கும்போது 50 வோல்ட்டுக்கு மேல் ஏசி வரலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவிழுங்கள். கீழ்முனையில் பிளக் என்றால், கிளிப் அடிப்பக்கம் இருக்க இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடிக்கு நடுவில் நீலம் வருவதில்தான் பலர் தவறுவார்கள். இது 'பி' வரிசை. ஜாக்கிலும் 'பி' என்று குறித்த நிறங்களையே பின்பற்றுங்கள். ஜோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கவேண்டாம்.

இன்டர்காம் வேண்டுமென்றால் பழைய கேபிளின் நுனியில் இரண்டு புதிய கேபிளைக் கட்டி இழுத்துவிடலாம்: ஒன்று நெட்டுக்கு, ஒன்று இன்டர்காமுக்கு. பைப்பில் மின்வயர் ஏதும் ஓடக்கூடாது.

செம்புக்கம்பி:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். புதுக் கேபிள் வாங்கினால் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், நாலு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். முழுச் செம்பே வாங்குங்கள். வீட்டுத் தூரத்துக்கு கேட்5ஈ தாராளம், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். எட்டு விளக்கு கேபிள் டெஸ்டரில் எல்லாம் வரிசையாக எரிந்தாலும் நம்பிவிடாதீர்கள். நீலத்தின் இடம் மாறி இரு முனையிலும் ஒரே மாதிரி தவறாகப் போட்டிருந்தால் அது கண்டுபிடிக்காது. லிங்க் ஸ்பீட் 1000/1000 வந்து, ஒரு பெரிய ஃபைலை இறக்கி முடிக்கும்வரை அப்படியே நின்றால்தான் சுவர் மூடியைத் திருகுங்கள். அந்தப் பழைய ரூட்டர் வழியாக டெஸ்க்டாப்புக்குப் போனால் மறுபடி 94-தான் வரும். சுவருக்கும் அதற்கும் நடுவில் ஐந்து போர்ட் கிகாபிட் நெட்வொர்க் சுவிட்ச் (ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) ஒன்றை வைத்து, டெஸ்க்டாப்பை சுவிட்சில் மாட்டுங்கள்.