வைப்பர் தண்ணிக்குக் கைமருந்து: ஆர் ஆர் கலந்து பாத்தனீங்கள்?

வெள்ளவத்தைக்காரன்

எங்கட வீடு கடலோர மெரின் டிரைவ் றோட்டிலயிருந்து ஒரு ஒழுங்கை உள்ள. மே மாசம் தென்மேல் காத்துத் தொடங்கினா செப்டம்பர் மட்டும் விடிய எழும்பிக் கார்க் கண்ணாடியைப் பாக்க ஏலாது. உப்புப் பூத்துப் போயிருக்கும். அதுக்கு மேல காலி வீதி பஸ் புகை. ரெண்டும் சேர்ந்த கண்ணாடியில வைப்பரைப் போட்டா ஊத்தை போகாது, இந்தப் பக்கத்தில இருக்கிறது அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான்.

2022ல, பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் கோட்டைக் காட்டி வரிசையில நிண்ட நாள்களில, வழமையா வாங்கிற வொஷர் (கண்ணாடி கழுவ வைப்பருக்கு விடுற திரவம்) போத்தல் எங்கட பக்கத்துக் கடையில இல்லாமல் போச்சு. வேறொரு கடையில இருந்தது. விலையைக் கேட்டிட்டுத் திரும்பி வந்திட்டன். நீலத் தண்ணிதானே, நானே கலக்கிறன் எண்டு வெளிக்கிட்டன்.

முதல் தரம் கோப்பை கழுவுற திரவம் மூண்டு மேசைக்கரண்டி, மிச்சம் பைப் தண்ணி. பம்பலப்பிட்டிச் சந்தியில சிவப்பு லைட்டுக்கு நிக்கேக்க வொஷரைத் தட்டினன். கண்ணாடி முழுக்க நுரை. வைப்பர் ஓட ஓட நுரை கூடுது, பச்சை விழுந்தது கூடத் தெரியேல்லை. பக்கத்து ஓட்டோக்காரர் எட்டிப் பாத்துச் சிரிச்சார். நுரை காய்ஞ்ச பிறகு இரவில எதிர் வாகன வெளிச்சம் பட்டா கோடு கோடா மின்னும், அது நுரையை விட மோசம்.

ரெண்டாம் தரம் மனுசி சமையலுக்கு வச்சிருந்த தென்னை வினாகிரி. துடைப்பு நல்லாத்தான் இருந்தது. ஆனா காருக்குள்ள காத்து எடுக்கிற வழி முன்கண்ணாடிக்குக் கீழதானே? ஏசியைப் போட்டா முழுக் காரும் அச்சாறு. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்கூலுக்கு வந்தா. ஒரு மாசத்தால இடப்பக்க நொசல், அதுதான் தண்ணி பீய்ச்சுற துவாரம், அடைச்சுப் போச்சு. பஞ்சிகாவத்தையில ஒரு மெக்கானிக் நானா குழாயைக் கழட்டி ஊத, ஜெலி மாதிரி ஒரு சவ்வு வெளியில வந்து விழுந்தது. இயற்கை வினாகிரிக்குள்ள வளர்ற அந்தச் சவ்வுதான். "தம்பி, இத அச்சாறுக்கு ஊத்துங்க, காருக்கு ஊத்தாதீங்க" எண்டார். பிறகு குண்டூசியால நொசலைக் குத்தித் துப்புரவாக்கினார்.

இப்ப நான் கலக்கிறது: ஏசியிலயிருந்து சொட்டுற தண்ணி நாலு லீற்றர் (துணியில வடிச்சு), கோப்பை கழுவுற திரவம் அரைத் தேக்கரண்டி, பாமசியில வாங்கின சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. குளிர் நாட்டுப் போத்தல்களில மெதனோல் போடுறது தண்ணி உறையாமல் இருக்க. கொழும்பில என்னத்தை உறையிறது? அந்த நஞ்சு எங்களுக்குத் தேவையில்லை. ஸ்பிரிட்டைப் போட்டது எண்ணெய்ப் படலத்துக்கு மட்டும். எண்டாலும் மழைத் தூறலில கண்ணாடியில மெல்லிசா ஒரு வானவில் தெரியுது. அது ஏன் எண்டுதான் விளங்கேல்லை.

கொட்டாஞ்சேனை ஹயர்

அண்ணே, நான் வாடகைக்கு ஹயர் ஓடுறவன். வெறும் தண்ணிதான் ஊத்துவேன், அதனால எனக்கு இந்த வம்பெல்லாம் இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன். ஒரு நாள் வாகனம் நிறுத்துற இடத்துல இருந்த பையன் உதவி செய்றேன்னு பொனட்டைத் திறந்து, எஞ்சின் சூட்டைத் தணிக்க ஊத்துற பச்சைக் கூலண்ட் மிச்சமிருந்ததை வொஷர் டாங்க்ல ஊத்திட்டான். எனக்குத் தெரியாது. ராத்திரி கட்டுநாயக்கா ஹைவேல, பின்னால பிளைட்டுக்கு லேட்டான ஒரு குடும்பம். பூச்சி அடிச்சிருச்சேன்னு தட்டுறேன், கண்ணாடி முழுக்க எண்ணெய் பூசின மாதிரி ஆகிருச்சு. முன்னால போற லைட் எல்லாம் பூசணிக்காய் சைஸ்ல தெரியுது. கூலண்ட் தண்ணி மாதிரிக் காயாது, அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும். ஜா-எல வரைக்கும் ஊர்ந்து வந்து இறங்கி, கடைல சவர்க்காரமும் பழைய பேப்பரும் வாங்கித் தேய்ச்சேன். பிளைட்டைப் பிடிச்சிட்டாங்க, ஆனா டிப்ஸ் இல்ல.

வொஷர் மூடில வைப்பரும் தண்ணி பீய்ச்சுற படமும் இருக்கும். அதைப் பார்த்து ஊத்தச் சொல்லுங்க. வேற யாரையும் பொனட்டைத் தொட விடாதீங்க.

தெகிவளை மருமகன்

எங்கட மாமா சவர்க்காரத்தைச் சீவி வெந்நீரில கரைச்சுத்தான் ஊத்துவார். கொழும்பில ஒரு குறையும் இல்லை. போன தைப்பொங்கலுக்கு ஏ9 வீதி வழியா யாழ்ப்பாணம் போனம். பாதி டாங்க் முடிஞ்சு போச்சு, ஊரில கிணத்துத் தண்ணியை விட்டு நிரப்பினார். அடுத்த நாள் டாங்குக்குள்ள திரிஞ்ச பால் மாதிரி வெள்ளைத் துணிக்கை. அங்க சுண்ணாம்புக்கல் நிலம், தண்ணியில கல்சியம் கூட, சவர்க்காரத்தோட சேர்ந்தா திரிஞ்சிடும். கொழும்புக் குழாயில வாறது களனி ஆத்துத் தண்ணியும் லபுகம, கலட்டுவாவ குளத்துத் தண்ணியும், அது மென்மை. அதே சவர்க்காரம்தான், தண்ணிதான் வேற. மாமா இப்பவும் கிணத்தில பிழையில்லை எண்டுதான் சொல்லுறார். ஊரவர், விட்டுக்குடுப்பாரோ?

பாமசிக்காரி

வெள்ளவத்தை அண்ணா, உங்கட வானவில்லுக்குக் காரணம் அந்த ஸ்பிரிட்டாத்தான் இருக்கும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில ஆமணக்கெண்ணெய் சேர்க்கிற வகை இருக்கு, தோல் காயாமல் இருக்க. அதைக் கண்ணாடியில அடிச்சா எண்ணெய்தான் மிஞ்சும். ஐசோப்ரோபைல் அல்கஹோல் எண்டு எழுதின போத்தலைக் கேட்டு வாங்குங்கோ. மிச்சத்தை வெயிலில நிக்கிற கார் டிக்கியில வைக்கவேண்டாம், பத்தக்கூடிய சாமான்.

ஹயர் அண்ணாவுக்கும் ஒண்டு. வெறும் தண்ணி சூட்டில மாசக்கணக்கா நிண்டா கிருமி வளரும். 2010ல இங்கிலாந்தில வந்த ஒரு ஆய்வு, வொஷர் டாங்கில வெறும் தண்ணி மட்டும் பாவிக்கிறதுக்கும் லெஜியனேர்ஸ் எண்ட நியூமோனியா வகைக்கும் தொடர்பு இருக்கெண்டு காட்டினது. அங்கத்தைய குளிரிலயே அப்பிடியெண்டா எங்கட பொனட்டுக்குள்ள இருக்கிற சூட்டை யோசியுங்கோ. கொஞ்சமாவது அல்கஹோல் கலவுங்கோ.

வெள்ளவத்தைக்காரன்

தங்கச்சி, போத்தலைத் திருப்பி வாசிச்சன். ஆமணக்கெண்ணெய் எண்டு பொடி எழுத்தில இருக்கு. ரெண்டு வருஷமாக் கண்ணாடிக்கு எண்ணெய் தேய்ச்சிருக்கிறன்!

டாங்கை வெறுமையாக்கி, நீங்கள் சொன்னதைக் கலந்து நேற்றுப் பின்னேரத் தூறலில ஓடிப் பாத்தன். வானவில் இல்லை. உப்புக்கு மட்டும் நான் கண்ட வழி, வைப்பரைப் போட முதல் ஒரு செம்புத் தண்ணியைக் கண்ணாடியில ஊத்துறது. காய்ஞ்ச உப்பிலயும் மணலிலயும் ரப்பர் ஓடினா கண்ணாடியில கீறல்தான் மிஞ்சும்.

இனி நானாட்டத் திரும்பப் போகவேணும். குண்டூசி குத்தின நாளிலயிருந்து இடப்பக்க நொசல் கண்ணாடிக்கு அடிக்கிறேல்லை, பக்கத்தில வாற மோட்டச்சைக்கிள்காரருக்குத்தான் அடிக்குது.