லயத்துல எடுத்த ஊமைப் பேய்ப்படம், அத்தை என்னா பேசுனாங்கன்னு தெரியல

லயத்துப்பிள்ளை:
இந்த மாதிரி யாருக்காச்சும் நடந்திருக்கா? மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் நாங்க பொறந்த ரப்பர் தோட்டம், தொழிலாளிங்க இருந்த வரிசை வீடு, அந்த லயம் காலியாகி செம்பனைக்குள்ள நிக்குது. கையில 1,800 வெள்ளிதான், மைக் வாடகை கட்டுப்படியாகல, அதான் ஊமைப்படம். ராத்திரி சீன் பகல்லயே எடுத்து நீலம் ஏத்திக்கலாம்னு முடிவு, 1922ல நோஸ்ஃபெராட்டுங்கற ஊமைப் பேய்ப்படத்துக்கு செஞ்ச மாதிரி. பேயா நடிச்சது அத்தை, 30 வருசம் அங்க பால் வெட்டுனவங்க. கதவத் தொறந்து வந்து கேமராவப் பாருங்கன்னேன். பாக்கல. நிலைப்படி ஆணியில ரப்பர் பால் புடிக்கிற மங்கு ஒன்னு இன்னும் தொங்குது, காஞ்ச ஒட்டுப்பாலோட, அதத் தொட்டாங்க, உள்ள திரும்பி யார்கிட்டயோ பேச ஆரம்பிச்சாங்க. நான் 40 அடி தள்ளி, காத்து வேற, ஒன்னும் கேக்கல. கட் சொல்ல எனக்கு வாய் வரல. கேமரா மைக்கையும் நான்தான் ஆஃப் பண்ணி வச்சிருந்தேன். அப்புறம் கேட்டா "நான் எங்கடா பேசுனேன்"ங்கறாங்க. வசனம் எழுதுற கார்டு அந்த எடத்துல மூனு வாரமா வெறும் கருப்பாவே கெடக்குது.

பத்தாங்கட்டை:
பிரதர், நீலம் ஏத்துனா மட்டும் பத்தாது, வானத்த ஃபிரேம்ல விடாதீங்க. அந்தக் காலத்து ஆர்த்தோங்கற கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு சிவப்பு தெரியாது, சிவப்பெல்லாம் கருப்பாயிரும், நீலம் வெள்ளையாயிரும். அது வேணும்னா கலர்ல எடுத்துட்டு கருப்பு வெள்ளையா மாத்தும்போது சிவப்பு சேனலக் கொறைங்க. நான் செஞ்சப்ப தங்கச்சி நெத்தில குங்குமம் ஓட்ட விழுந்த மாதிரி இருந்துச்சு, அம்மா பாத்துட்டு லேப்டாப்ப மூடுன்னுட்டாங்க, இன்னும் அந்தப் படத்த முடிக்கல. அப்புறம் செகண்டுக்கு 16 ஃபிரேம்ல எடுத்தீங்களா 24லயா? எல்லாரும் 16ம்பாங்க, கையால சுத்துன கேமரா, ஒரே வேகம்னு ஒன்னு இருந்ததே இல்ல. சவுண்டு வந்தப்புறம்தான் 24னு நின்னுச்சு.

கித்தாக்காடு:
அவரு கேட்டது ஃபிரேம் கணக்கா? வயசானவங்க பொறந்த வீட்டுப் படியில பேசிருக்காங்க, நீங்க சேனல் சொல்லிக்கிட்டு. தம்பி, என் தங்கச்சிக்குக் காது கேக்காது, ஒதட்டப் பாத்தே படிப்பா. கிளிப்ப அனுப்புங்க.

லயத்துப்பிள்ளை:
24லதான் எடுத்தேன் பிரதர், கிளிப்பும் அனுப்பிட்டேன் அக்கா. நேத்து உங்க தங்கச்சி வாட்சப்ல எழுதுனாங்க. அத்தை முகம் பாதி திரும்பிருக்கு, மொத வார்த்த மட்டும்தான் புடிபட்டுச்சாம். அம்மாவா அப்பாவான்னு அவங்களால சொல்ல முடியல, ரெண்டுக்கும் ஒதடு ஒரே மாதிரிதான் மூடுமாம்.