என்செலடஸில் நிகழ்வதற்குப் பெயர்: பனி எரிமலையா, பனிப்பீறலா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சனிக்கோளின் நிலவான என்செலடஸின் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீய்ச்சியடிக்கும் நிகழ்வுக்கு, ஏற்கெனவே புழங்கும் 'பனி எரிமலை' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பரும், 'பனி ஊற்று' என்று மாற்றலாம் என்று இன்னொரு நண்பரும் எழுதியிருந்தார்கள். இரண்டுமே அங்கே நடப்பதைச் சரியாகக் காட்டவில்லை என்பது என் கருத்து. 'பனிப்பீறல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். 1789இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த இந்த நிலவின் விட்டம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். 2005இல் காசினி விண்கலம் இதன் தென்துருவத்தில் நான்கு நீண்ட பிளவுகளைப் படம் பிடித்தது. ஒவ்வொன்றும் சுமார் 130 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், அரைக் கிலோமீட்டர் ஆழம். இவற்றுக்குப் 'புலிவரிகள்' என்ற பெயர் தமிழில் எந்த இடறலும் இன்றி அமைந்துவிட்டது. அதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. பனி ஓட்டுக்கு அடியில் நிலவு முழுவதையும் சூழ்ந்த உப்புநீர்க் கடல் இருப்பதை, அந்நிலவு சுழலும்போது ஏற்படும் மிகச் சிறிய தள்ளாட்டத்தை அளந்து 2015இல் உறுதிசெய்தார்கள். அந்தக் கடல்நீர்தான் பிளவுகளின் வழியே ஏறி விண்வெளிக்குள் பாய்கிறது.

இனி 'எரிமலை'. அங்கே எரிவதும் இல்லை, மலையும் இல்லை. பிளவுகளின் மிக வெப்பமான இடத்தில் காசினி அளந்ததே பூச்சியத்துக்குக் கீழே 75 பாகை செல்சியசுக்குச் சற்றுக் குறைவான வெப்பநிலை. கடலின் அடித்தளத்தில் சூடான நீர் பாறையோடு வினைபுரிகிறது என்பதும், வெளியேறிய துகள்களில் இருந்த நுண்ணிய சிலிக்கா மணிகள் 90 பாகைக்கு மேற்பட்ட நீரில்தான் உருவாகியிருக்க வேண்டும் என்று கருதப்படுவதும் உண்மையே. ஆனால் நாம் பெயரிடுவது மேற்பரப்பில் நிகழ்வதற்கு, அது எரியவில்லை. எனினும் 'பனி எரிமலை' என்ற சொல்லை அடியோடு விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சனியின் இன்னொரு நிலவான டைட்டனில் சோத்ரா பகுதியைக் காசினியின் ரேடார் காட்டியபோது, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையும், அதையொட்டி ஆழமான குழியும், சுற்றிலும் குழம்பு வழிந்து பரவியது போன்ற தடங்களும் தெரிந்தன. அத்தகைய இடத்துக்குப் பனி எரிமலை என்ற பெயர் பொருந்தும். ஒரே சொல்லை இரண்டு நிலவுகளுக்கும் போட்டுவிட்டால், படிக்கும் மாணவர் என்செலடஸிலும் ஒரு மலையைத்தான் மனத்தில் வரைந்துகொள்வார்.

'ஊற்று' அழகான சொல். ஆனால் தமிழில் ஊற்று என்றால் ஊறுவது, கோடையில் ஆற்றுமணலைத் தோண்டினால் மெல்லச் சுரந்து நிற்கும் நீரைப் போல. என்செலடஸில் நீராவி வெளியேறும் வேகம் அந்நிலவின் விடுபடு திசைவேகமான (அதன் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான வேகமான) நொடிக்குச் சுமார் 240 மீட்டரையே தாண்டிவிடுகிறது. பனித்துகள்களில் பெரும்பாலானவை மீண்டும் தரையில் விழுந்து, அந்நிலவைச் சூரியக் குடும்பத்திலேயே மிகுந்த வெண்மையுடையதாக ஆக்குகின்றன. எஞ்சியவை தப்பிச் சென்று சனியின் 'ஈ' (E) வளையத்துக்குத் தொடர்ந்து துகள் அளிக்கின்றன. ஒரு கோளின் வளையத்துக்கே ஊட்டம் தரும் பாய்ச்சலை ஊற்று என்பது அதன் விசையை மறைத்துவிடும்.

பீறல் என்பதைத் தேர்ந்ததற்கு வருகிறேன். பீறுதல் என்றால் கிழிதல். பீறிடுதல் என்றால் கிழித்துக்கொண்டு விசையோடு வெளிப்படுதல். பிளவு, பாய்ச்சல் ஆகிய இரண்டையும் ஒரே வேர் தாங்குகிறது, என்செலடஸிலும் இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. காசினியின் படங்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனித் தாரைகளை 2014இல் வரைபடமாக்கினார்கள். அடுத்த ஆண்டே வேறொரு குழுவினர், தாரைகளாகத் தெரிபவற்றில் பல, பிளவின் நீளம் முழுவதும் திரைபோல எழும் பாய்ச்சலை நாம் பக்கவாட்டில் பார்ப்பதால் தோன்றுபவை என்று காட்டினார்கள். அப்படியானால் வாய், துளை, ஊற்றுக்கண் என்று புள்ளியைச் சுட்டும் எந்தச் சொல்லையும்விட, நீளவாட்டில் கிழிந்ததைச் சுட்டும் சொல்லே பொருந்தும். மேலும், என்செலடஸ் சனியை ஏறத்தாழ 33 மணி நேரத்தில் சுற்றிவருகிறது. சனியின் ஓத ஈர்ப்பால் பனி ஓடு இழுபட்டு, நிலவு கோளிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் வேளையில் பாய்ச்சல் சில மடங்கு பொலிவுறுகிறது. பிளவுகள் அப்போது கூடுதலாகத் திறந்துகொள்வதே இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். பீறுவதும் பாய்வதும் அங்கே ஒரே செயல்.

கிழிந்த துணியை நினைவூட்டும் பேச்சுவழக்குச் சொல் அறிவியலுக்குத் தகுமா என்ற கேள்வி எழலாம். தகும் என்றே நினைக்கிறேன். பொருள் உடனே விளங்கும் வழக்குச் சொல் கையில் இருக்கும்போது வடமொழி வேரைத் தேடிப் போக வேண்டியதில்லை. 'பனி' என்றால் முன்பனி, பின்பனியில் வரும் பனியல்லவா, கட்டியைக் குறிக்குமா என்பது அடுத்த ஐயம். பனிப்பாறை, பனியுகம் என்று நிலைத்துவிட்ட பிறகு அதைத் தனியே எதிர்க்க வேண்டியதில்லை. 'உறைபனிப்பீறல்' என்று நீட்டினால் யாரும் எழுத மாட்டார்கள்.

தனித்தனியே எழுவதற்குத் 'தாரை' என்பதையும், எல்லாம் சேர்ந்து தொலைவிலிருந்து ஒன்றாகத் தெரிவதற்குத் 'தாரைத்திரள்' என்பதையும் கொள்ளலாம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்டதாக 2023இல் அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் நீண்ட நீராவிப் படலம் இந்த இரண்டாவது வகை. டைட்டன் போன்ற இடங்களில் வழிந்ததாகக் கருதப்படும் நீரும் அம்மோனியாவும் கலந்த கூழுக்குக் 'கற்குழம்பு' என்பதை ஒட்டிக் 'குளிர்க்குழம்பு' என்கிறேன். இந்த மூன்றில் எனக்கு முழு நிறைவு தராதது கடைசிச் சொல்தான். 'குழம்பு' கல்லுக்குப் பொருந்துவதுபோல நீர்க்கலவைக்குப் பொருந்துமா என்பதில் உங்கள் கருத்தை, குறிப்பாகப் புவியியல் கற்பிக்கும் நண்பர்களின் கருத்தை, அறிய விரும்புகிறேன்.